அண்ணிக்கு விடை கொடுக்க வந்தவர்கள்

வாரத்தில் ஐந்து நாள் எங்கள் அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அழகைப் பார்த்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். வேகத்தடை வந்தால் அதனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஏறுவதுபோல ஏறுவாள். பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோவான், இவள் அசைய மாட்டாள். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அவள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதே பொம்பளை சனி ஞாயிறு வந்தால் மண் பாதையில், இருபது ஆண்களுக்கு நடுவில், பைக்கோடு மேட்டிலிருந்து பறந்து இறங்குகிறாள் என்று சொன்னால், "சும்மா கதை விடாதே" என்பார்கள். கதை விடுவதற்கு எனக்கு என்ன தலையெழுத்தா? கூடவே போய் அந்த பைக்கில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுகிறவளே நான்தான்.

நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் என்றால் அண்ணியின் காலை வாரிவிடத்தான் பிறந்தவள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வாரநாளில் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறேன். வாரக்கடைசியில் அண்ணியின் பைக்குக்குச் செயின் இறுக்குகிறேன், டயருக்குக் காற்று பார்க்கிறேன், வேலி ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன். நான் "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி இப்போது மைதானம் முழுக்க அவள் அண்ணிதான். அவளை முந்திப் போகப் பார்க்கிறவன்கூட, "அண்ணி, இன்னைக்கு உங்கள விடமாட்டேன்" என்றுதான் சொல்லுவான்.

அவள் புருஷன், அதாவது என் அண்ணன், மருந்துக் கடையில் வேலை செய்கிறான். ஊருக்கெல்லாம் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுப்பான், அவன் தலைவலிக்கு மட்டும் அந்தக் கடையில் மருந்து இல்லை. பந்தயத்துக்குப் பை நிறையப் பஞ்சும் கட்டுத்துணியும் கொண்டுவருவான். ஒரு சுற்றைக்கூட முழுசாகக் கண் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பூட்டும்போது, "இதோட கடைசி, சரியா?" என்பான். அண்ணி ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுப்பாள். அதுதான் பதில்.

நான் சொல்ல வந்தது அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தைப் பற்றி. கிளப்பில் ஒரு விதி உண்டு. கடைசிப் பந்தயத்தில் முதல் எட்டு பேருக்குள் வந்தால்தான் அடுத்த பருவமும் முதல் பிரிவில் ஓட்டலாம். வராதவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கியவர்கள் நன்றாக ஓட்டினால் மறுபடி ஏறலாம், நாற்பது வயதைத் தாண்டியவர்களைத் தவிர. இந்தத் 'தவிர' புதிதாக முளைத்தது. முதல் பிரிவில் நாற்பதைத் தாண்டியது அண்ணி ஒருத்திதான். அது யாரைக் குறிவைத்து எழுதியது என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையா?

எழுதியவர் கிளப் செயலாளர். எல்லோரும் அவரை 'மைக்' என்றே கூப்பிடுவோம். சாப்பிடும்போது மட்டும்தான் அது அவர் கையில் இருக்காது.

சனிக்கிழமை காலையிலேயே அபசகுனம்போல ஒன்று நடந்தது. இரவு பெய்த மழையில் மைதானம் களியாகக் கிடந்தது. பைக்கை நிறுத்துகிற இரும்பு ஸ்டாண்டு சேற்றில் புதையாமல் இருக்க அடியில் ஒரு தட்டையான கட்டை போடுவோம். அதை எடுத்து வைப்பது அண்ணன் வேலை. மகராசன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஸ்டாண்டு ஒரு பக்கமாக இறங்கி, பைக் சாய்ந்து, கிளட்ச் பிடி வளைந்தது.

"பஞ்சு மூட்டைய மறக்கல, கட்டைய மறந்துட்டியா?" என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"பதட்டத்துல விட்டுப்போச்சுடி" என்றான் அவன் பாவமாக.

நாங்கள் பிடியை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் மைக் வந்தார். கக்கத்தில் துணி சுற்றிய ஏதோ ஒன்று.

"அண்ணி, நாளைக்கு ரேஸ் முடிஞ்சதும் மேடைக்கு வந்துடணும். உங்களுக்கு ஒரு சின்ன மரியாதை செய்யறோம்."

எனக்குப் பொறுமை கிடையாது. துணியை விலக்கிப் பார்த்தேன். நல்ல தடிமனான மரத்தில் ஒரு ஷீல்டு. பித்தளைத் தகட்டில், 'களத்திலிருந்து விடைபெறும் எங்கள் அண்ணிக்கு' என்று பொறித்திருந்தது.

"ஏங்க, இன்னும் ஓட்டவே இல்ல. அதுக்குள்ள வழியனுப்பு விழாவா?"

"அப்படி இல்லம்மா, ஒரு முன்னேற்பாடுதான். போன வருஷம் தோள்பட்டை எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சாங்க இல்ல? உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம். கௌரவமா ஒதுங்கிக்கறது ஒரு அழகு."

என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அண்ணி ஷீல்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல மரமாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளட்ச் பிடிக்குக் குனிந்துவிட்டாள். மைக்குக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அன்றைய தகுதிச் சுற்றில் அவள் விழுந்தாள். மூன்றாவது வளைவில் பல் டாக்டர் உள்பக்கமாக நுழைந்து இவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் நிஜமாகவே பல் டாக்டர்தான், வாரநாளில் மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லுகிற நல்ல மனுஷன். பைக்கில் ஏறினால் பிசாசு. பிளேட் வைத்த இடது தோள்மேலேயே விழுந்த அண்ணி, எழுந்து, கடைசி வாய்ப்பு ஓட்டத்தில் தொத்திக்கொண்டு ஃபைனலுக்குள் வந்தாள். புறப்படும் வரிசையில் கிடைத்தது கடைசி இடம்.

சாயங்காலம் வீட்டில் சமையலறை மேசையில் கழற்றிய கார்புரேட்டர், அதன் பக்கத்தில் பூட்ஸ், ஜன்னல் கம்பியில் சேறு சொட்டும் கையுறை. அண்ணன் அவள் தோளில் களிம்பு தடவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"யாருக்கு என்ன நிரூபிக்கணும் உனக்கு? ஃபைனலுக்கு வந்ததே பெருசு. நாளைக்குப் போகவேணாம்."

"நிரூபிக்கவா ஓட்டறேன்? எனக்குப் பிடிச்சிருக்குங்க."

"அந்தத் தோள் இன்னொரு தடவை உடைஞ்சா வேன் ஓட்ட முடியுமா?"

"உடைஞ்சா உடைஞ்ச அப்புறம் பேசலாம்." அண்ணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை. "இங்க பாருங்க. எனக்குப் பிடிச்சதை எப்ப விடணும்னு நான்தான் சொல்லணும். போதும்னு தோணுற அன்னைக்கு நானே சாவியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டிடுவேன். அவர் தகடு அடிச்சு எனக்குச் சொல்லித் தரக் கூடாது."

அண்ணன் களிம்பு மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைக்குக்குக் கொண்டாட்டம். வண்டிகள் வரிசையில் நிற்கும்போதே, "இன்றோடு விடைபெறும் நமது அன்புக்குரிய அண்ணி" என்று ஒலிபெருக்கியில் உருக ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. ஓரத்துக் கடைசியில் நின்ற அண்ணி ஹெல்மெட்டுக்குள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

கொடி விழுந்தது. அண்ணி கடைசியாகத்தான் முதல் வளைவுக்குள் போனாள். ஆனால் சேற்றில் ஒருவன்மேல் ஒருவன் விழ, இவள் ஒதுங்கி ஒதுங்கி மேலே வந்தாள். நான் சுற்றுக்கு ஒருமுறை பலகை காட்டினேன். மற்றவர்கள் பலகையில் எத்தனையாவது இடம் என்று எழுதுவார்கள். எங்கள் பலகையில் அது கூடாது, எழுதினால் அண்ணி திரும்பிப் பின்னால் பார்ப்பாள், பார்த்தால் விழுவாள். அதனால் அவளுக்கு ரோஷம் வருகிற மாதிரி எதையாவது கிறுக்குவேன். 'தூக்கமா?' என்று எழுதுவேன். 'அடுப்பில் பால்' என்று எழுதுவேன். அதற்குப் பறந்து வருவாள்.

இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது அண்ணி ஒன்பதாவது. முன்னால் எட்டாவதாகப் பல் டாக்டர்.

அப்போதுதான் அண்ணன் என் கையைப் பிடித்தான். அவன் கண் திறந்திருந்தது.

"கண்ணாடியப் பாரு. அவ உரிக்கவே மாட்டேங்கறா."

ஓட்டுகிறவர்கள் கண்ணில் போடுகிற கண்ணாடிமேல் மெல்லிய தாள்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். சேறு அப்பினால் இடது கையால் ஒன்றை உரித்து எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அண்ணியின் கண்ணாடி முழுக்கச் சேறு. அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லி எழுது" என்றான் அண்ணன். "சீக்கிரம் எழுதுடி, உன் காலைத் தொடறேன்."

பயமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் முந்தின நாள் சமையலறையில் அவள் சொன்னது என் காதிலேயே இருந்தது. சாக்கட்டியை எடுத்தேன். பலகை கொள்ளுமட்டும் பெரிசாக எழுதினேன்.

'அண்ணன் நிறுத்தச் சொல்றான்.'

"அடிப்பாவி!" என்றான் அண்ணன்.

"நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்!"

அண்ணி கடந்து போகும்போது தலை ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பியது. பார்த்துவிட்டாள். அடுத்த நொடி எஞ்சின் அலறிய அலறலில் எனக்குப் புரிந்துவிட்டது, இனி அவளை யமனே வந்தாலும் நிறுத்த முடியாது. பெரிய மேட்டில் ஏறிப் பறந்தாள். பறக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து வலது கையை எடுத்து, கண்ணாடித் தாள் அத்தனையையும் ஒரே பிடியாகப் பிய்த்து எறிந்தாள். கை திரும்பிப் பிடியில் விழுவதற்கும் சக்கரம் மண்ணில் விழுவதற்கும் சரியாக இருந்தது. அண்ணன் என் தோளைக் கவ்வியிருந்தான். கண்ணை மட்டும் மூடவில்லை.

கடைசிச் சுற்று, கடைசி வளைவு. பல் டாக்டர் வழக்கம்போல உள்பக்கம் போனார். அங்கே காலையிலிருந்து எல்லோரும் ஓட்டி ஓட்டி ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணி வெளிப்பக்கச் சேற்றுக் கரைமேல் முழு வேகத்தில் ஏறினாள். விழுந்தால் வேலிக்கு வெளியேதான் பொறுக்க வேண்டும். ஒற்றைக் கையின் பலத்தில் பைக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். இரண்டு வண்டியும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின.

மேடையில் நடுவர்கள் குனிந்து குசுகுசுத்தார்கள். மைக் கையில் மைக் இருந்தது, வாயில் வார்த்தை இல்லை. நான் அவரை அப்படிப் பார்த்ததே கிடையாது.

கடைசியில் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார்: "எட்டாவது... அரைச் சக்கரம் முன்னால... அண்ணி."

நான் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்தான். இதுவரை நாற்காலியைக்கூடத் தாண்டாதவன். பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி, "அண்ணி, தயவுசெஞ்சு என்கிட்ட பல்லு காட்ட வந்துடாதீங்க, பழிவாங்கிடுவேன்" என்று சிரித்தார். அண்ணி சிரிக்கும்போது தோள் வலித்து முகம் சுளித்தாள்.

மைக்குக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஷீல்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் இடத்துக்கே வந்தார்.

"அண்ணி, தகடு அடிச்சது அடிச்சாச்சு. சும்மா ஞாபகத்துக்கு வெச்சுக்குங்க."

"குடுங்க" என்று அண்ணி ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றி."

நான் பைக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டு மறுபடி புதைய ஆரம்பித்திருந்தது, மகராசன் இன்றைக்கும் கட்டையை மறந்திருந்தான். அண்ணி குனிந்து ஷீல்டைச் சேற்றில் படுக்க வைத்தாள். தகடு மேலே தெரிந்தது. பூட்ஸ் காலால் நான்கு மூலையும் அழுத்திச் சமன் பண்ணினாள்.

"இப்ப வைடி."

ஸ்டாண்டைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். பைக் ஆடாமல் அசையாமல் நின்றது.

"அதுல எழுத்திருக்கு அண்ணி!" என்றார் மைக்.

"படிச்சேங்க" என்றாள் அண்ணி.

அவர் போன பிறகு அண்ணன் பையைத் திறந்து, அவள் தோளுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தான். முடிச்சை இறுக்கிவிட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடுத்த வாட்டி அந்தக் கட்டைய மறக்காம எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"எதுக்குங்க?" என்றாள் அண்ணி. "அதான் கிடைச்சிருச்சே."