பதவியேற்புக்கு முந்தைய கையெழுத்து

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் கருமத்தம்பட்டிப் பக்கம் குடியிருந்தோம். எங்கள் தெருவில் குழாய் கிடையாது. உங்களில் மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டு உங்கள் அம்மா தறிக்கூடங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். எனக்கு அப்போது அது ஒன்றுதான் கவலை.

பல வருடங்களாக ஊராட்சிக்குத் தேர்தலே நடக்கவில்லை. அரசாங்கம் அனுப்பிய தனி அலுவலர்தான் எல்லாம். தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவர், சாக்கடை அடைத்தாலும் அவர். நல்ல மனிதர், கேட்ட வேலை சட்டென்று நடக்கும். ஊராட்சி என்றாலே அவர்தான் என்று பழகிவிட்டோம். அலுவலகத்தில் நாற்காலிகூட ஒன்றுதான் இருந்தது.

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. எங்கள் தெரு ஓட்டெல்லாம் வாங்கியும் எங்கள் தெருக்காரர் தோற்றார். மேற்குத் தெரு அம்மா ஒருவர் தலைவரானார். அவர் பதவியேற்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அதுவரை அதிகாரம் அலுவலரிடம்தான். தெருவே கூடி அவரைப் பார்க்கப் போனோம்.

"ஏனுங்க சார், இப்பவே குழாய்க்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துப்போடுங்க. அவிய வந்தா எங்களுக்குத் தர மாட்டாங்க," என்றேன்.

"போடலாங்க, யாரும் என்னையக் கேக்க முடியாது. ஆனா போட மாட்டேன். ஓட்டுப் போட்டு ஆளை வெச்சுப்போட்டு, அவிய வாரதுக்குள்ள எங்கிட்ட வாங்கிக்கறதுன்னா, ஓட்டு எதுக்குங்க?"

"எங்கூட்டுக்காரி மாசமா இருக்கறப்பக் கொடம் தூக்கறாளுங்க சார்."

அவர் தலைகுனிந்துகொண்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

முதல் கிராமசபைக்குத் தறிக்கூடத்து பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் எழுந்து குழாய் கேட்டேன்.

"ஓட்டு அங்க, தண்ணி மட்டும் இங்கீங்களா மாப்ளே?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"ஓட்டை உடுங்க. எத்தனை ஊட்டுக்குத் தண்ணி வேணும்னு சொல்லட்டும்," என்றார் தலைவர் அம்மா.

அப்போது பின்னாலிருந்து காலனிப் பெண் ஒருத்தி எழுந்தாள். "உங்குளுக்கு நடந்து போனாலாவது தண்ணி கெடைக்குதுங்க. எங்களை அதைத் தொடவே உட மாட்டாங்க, யாராச்சும் ஊத்துனாத்தானுங்க."

அலுவலரிடம் போக அவர்களுக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. நாங்கள்தான் போய்ப் போய் நின்றோம். அவர் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பேச்சு என் காதில் விழுந்தே இருக்காது. முதல் குழாய் யாருக்கு என்று கை தூக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, "காலனிக்குன்னு நீங்களும் தூக்குனீங்களா?" என்று கேட்டாள்.

"தூக்குனேன், அம்மணி."

அவள் குடத்தை எடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவுக்குக் குழாய் வரும்வரை நான்தான் சுமந்தேன்.