மொட்டைக் கழுத்துச் சேவல்

காசியம்மாளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. அவளும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம் அது. கோட்டைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் நாற்பது குடிசை. கடைசிக் குடிசை அவளுடையது. புருஷனைக் கடல் கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. அவனுடைய வலைப்பங்கு கொழுந்தன் சிங்காரத்துக்குப் போனது. அவளுக்கு மிஞ்சியது கோழிகள்.

அவள் கோழி வளர்த்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. மற்ற வீடுகளில் பெரிய குஞ்சாகப் பார்த்து விட்டுவைப்பார்கள். இவள் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு மணலில் குந்துவாள். எந்தக் குஞ்சு வாயைப் பிளந்து இரைக்கிறதோ அது அன்றைக்கே குழம்பு. எது வாயை மூடிக்கொண்டு நண்டு பொறுக்குகிறதோ அதுதான் வளர்ப்புக்கு. நிறம், எடை, அழகு எதற்கும் தயவு கிடையாது. ஒரு வருஷம் கழுத்தில் இறகே இல்லாமல் ஒரு குஞ்சு பொரிந்தது. வேறு வீடாக இருந்தால் திருகிப் போட்டிருப்பார்கள். அது வெயிலில் வாயைத் திறக்கவில்லை, அதனால் பிழைத்தது. அதன் வம்சத்தில் வந்ததுதான் இந்தச் சேவல். நெட்டைக் கால், வற்றல் உடம்பு, பெரிய கொண்டை, தோலுரித்தது போல் சிவந்த கழுத்து. கட்டுமரம் தள்ளப் போகிறவர்கள் அதைப் பார்த்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். பிணந்தின்னிக் கழுகு என்பார்கள்.

மாசியில், கோட்டைக் குசினிக்குச் சாமான் வாங்கும் தானியேல் படகில் வந்து ஒரு கூண்டை இறக்கினான். கப்பலில் வந்த கோழிகள்: ஒரு சேவல், ஆறு பெட்டை. ஒவ்வொன்றும் வாத்தின் கனம், கால்வரைக்கும் இறகு. சிங்காரம்தான் அப்போது ஊருக்குப் பெரியதனக்காரன். அவனோடு பேச்சு முடிந்தது. புரட்டாசிக் கப்பலுக்கு இந்தச் சாதியில் நாற்பது உருப்படி வளர்த்துக் கொடுத்தால், கோட்டை மதிலுக்குக் கீழே யாரையும் விடாத தண்ணீரில் இந்தக் குப்பம் வலை கட்டலாம்.

நாட்டுச் சேவல் கலந்தால் குஞ்சு சிறுத்துவிடும் என்று சிங்காரம் ஒரே நாளில் ஊர்ச் சேவல்களை எல்லாம் அறுக்கச் சொன்னான். முப்பது சேவல். ஊரே கறி தின்றது. மறுநாள் விடியலில் கப்பல் சேவலோடு இன்னொரு கூவலும் கேட்டது. சிங்காரம் அவள் வேலியோரம் வந்து நின்றான்.

"இன்னா அண்ணி, ஊரு மொத்தமும் அறுத்துட்ச்சு. உன்து மட்டும் கூவிகினு கீது?"

"கூவறதுக்குத்தான்டா சேவலு. நீகூடத்தான் தெனம் கூவற, நான் இன்னா உன்ன அறுத்தேனா?"

"வாயக் கொற. அந்தக் கழுத்தப் பாத்துட்டுப் போனா வலையில ஒரு பொடி மீன் வுழறதில்ல. அத்த வெச்சுகினு இன்னாத்த வாரிக்கப் போற?"

"இந்தக் கழுத்துல வேற சேவல் கெடையாது. இந்த ஈட்டுல பொரிச்சது அத்தினியும் பொட்ட. இது போச்சுன்னா என் பன்னெண்டு வருசமும் போச்சு. போ, போய் உன் கப்பக்கோழிக்கு விசிறு."

ஒரு வீட்டுப் பொருளில் பெரியதனக்காரன் தனியாகக் கைவைக்க முடியாது. ஊர்க்கூட்டம் சொல்லவேண்டும். கூட்டமோ ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதுதான். அதனால் சிங்காரம் தன்னால் முடிந்ததைச் செய்தான். ஊர்க்கட்டு போட்டான். அவளுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது, மீன் கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. ஊர் ஊற்றில் அவள் குடம் படக் கூடாது. "ஆடி வரைக்கும் கட்டு. ஆடியில அந்தக் கழுத்து" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் குடிசைக்குப் பின்னால் மணலைக் கையால் தோண்டினாள். நகம் இரண்டு பெயர்ந்தது. மூன்றாம் நாள் நல்ல தண்ணீர் கண்டாள். அவள் குடிப்பதற்குமுன் கோழிகள் குடித்தன.

கப்பல் கோழிகள் சிங்காரத்தின் பெண்டாட்டி லோகநாயகி பொறுப்பில் இருந்தன. பக்கத்துக் கொல்லை. நடுவே முள்வேலி. நரிக்குப் பயந்து பகலிலும் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று கருவாட்டுத் தொட்டியின் அடித்தூளை வாரி வாரிப் போட்டாள். பாதி தூள், பாதி உப்பு. மேயும் கோழி அதில் இரண்டு கொத்து கொத்திவிட்டுத் தண்ணீருக்கு ஓடும். கூண்டுக் கோழி எங்கே ஓடும்? சட்டியில் இருந்ததும் ஏரித் தண்ணீர். சித்திரை வெயில் ஏறியது. கால்வரை இறகு மூடிய அந்த உடம்புகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தன. குடித்தன, மறுபடி உப்பைத் தின்றன, மறுபடி குடித்தன.

காசியம்மாள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து நாலு நாள் இதைப் பார்த்தாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. 'என்னோடு யாரும் பேசக் கூடாது என்றீர்களே, இந்தாருங்கள், நானும் பேசவில்லை' என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சேவல் விழுந்தது. இரண்டு நாளில், ஒரு முட்டைகூட இடாமல், ஆறு பெட்டையும். லோகநாயகி தலைவிரி கோலமாக வேலிக்கு வந்தாள். கட்டும் மறந்துபோனது.

"இன்னாடி வெச்ச? எந்தச் சூனியத்தடி பொதைச்ச என் கொல்லையில?"

"உப்ப வெச்சது நீ."

"இன்னா?"

"கருவாட்டுத் தூளும் ஏரித் தண்ணியும் குடுத்து கூண்டுல பூட்டினா, கோழி இன்னா, யானகூடத்தான் சாவும்."

லோகநாயகி திரும்பி, கூண்டில் இருந்த தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள்: "தெரிஞ்சுகினே பாத்துகினு குந்திகினு இருந்தியாக்கா?"

"நீங்க யாராவது கேட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவே மிச்சமிருந்ததும் போயிற்று.

வைகாசியில் ஊருக்கு இன்னொன்று உறைத்தது. சேவல்களை அறுத்தாயிற்று, கப்பல் சேவலும் செத்தாயிற்று. அடை வைத்த முட்டை எல்லாம் கூமுட்டை. உடைத்தால் நாற்றம்தான். பக்கத்துக் குப்பத்தில் போய்ச் சேவல் கேட்கலாம் என்றால், வலை கட்டும் முறையில் அவர்களோடு வெட்டுப்பழி. கேட்டால் வருஷம் பூராவும் வைத்துச் சிரிப்பார்கள். திட்டு முழுவதற்கும் உயிரோடு இருந்த ஒரே சேவல் மொட்டைக் கழுத்துதான்.

ஒருநாள் மத்தியானம் வேலி சரசரத்தது. லோகநாயகி முள்ளை விலக்கிக் கையை நுழைத்து, சாம்பல் பெட்டையின் கூடையிலிருந்து நாலு முட்டையை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். காசியம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். கதவுவரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம். கூட்டம் சொன்னால் சேவல் போகும். அவள் ஒருத்தி அரிவாள்மனையைப் பிடித்துக்கொண்டு நாற்பது குடிசையோடு மல்லுக்கட்ட முடியாது. இந்தக் கழுத்து இவள் கொல்லையில் மட்டும் இருக்கிறவரை அதை அறுக்க ஒரு கத்தி போதும். நாற்பது கொல்லையில் இருந்தால்?

துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

மறுநாள் பின்புற வேலியில் ஓர் ஆள் கை நுழையும் அளவுக்கு முள்ளைக் கழித்தாள். வெயிலுக்கு அசராத கறுப்புப் பெட்டையின் முட்டைகளைக் கூடையில் போட்டு அந்தச் சந்தோரமே வைத்தாள். சாயங்காலம் கூடை காலி. உடனே வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"எவடி அவ, என் முட்டையத் திருடினவ? திங்கற கையில புழு பூக்க! மானங்கெட்ட ஊர்ல திருடிங்களோட குடியிருக்க வேண்டியதாப் போச்சே!"

அவள் திட்டத் திட்ட, எடுக்காமலிருந்தவர்களுக்கும் சேதி போனது. பச்சையம்மா வந்தாள், முனியம்மா வந்தாள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்தாள். காசியம்மாள் தினமும் காலையில் கூடையை நிரப்புவாள், மாலையில் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுவாள். திட்டியதில் பொய் ஒன்றும் இல்லை. மனதாரத்தான் திட்டினாள்.

ஆடியில் கூழ் ஊற்றியதும் கூட்டம் கூடியது. சிங்காரம் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"கோட்டைத் தண்ணி கையவுட்டுப் போச்சு. அதுக்கு இன்னா காரணம்னு ஊருக்கே தெரியும். அந்தப் பீடக் கழுத்து ஒண்ணுகூட இந்தத் திட்டுல இருக்கக் கூடாது. இன்னைக்கே அறுக்கணும். இன்னா சொல்றீங்க?"

பெண்கள் பக்கம் எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். ஆண்களில் சிலர் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றிருந்த காசியம்மாள் கேட்டாள்:

"ஒண்ணுகூடன்னா, எல்லா வூட்லயுமா?"

"எல்லா வூட்லயும்னா இன்னா? உன் வூட்லதான கீது."

"கத்திய எடுத்துகினு வா கொழுந்தனாரே. உன் வூட்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். பின்னால கவுத்து வெச்ச கூடையத் தூக்கிப் பாரு. அதே கழுத்துல ஏழு குஞ்சு கீது."

சிங்காரம் பெண்டாட்டியைப் பார்த்தான். லோகநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முனியம்மாளின் புருஷன் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான், உடனே இருமலாக்கிக்கொண்டான்.

"சரி சரி," என்றான் சிங்காரம். "பக்கத்துக் குப்பத்தான் வலைப் பேச்சு ஒண்ணு கீது. அத்த மொதல்ல முடிப்போம்."

அதை முடிக்க இருட்டிவிட்டது. சேவல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆடியோடு முடிய வேண்டிய ஊர்க்கட்டையும் யாரும் எடுக்கவில்லை. காசியம்மாள் சாகும்வரை, இன்னும் பதினோரு வருஷம், தான் தோண்டிய ஊற்றிலேயே தண்ணீர் மொண்டாள்.