அம்மா குடிக்காத தண்ணீர்

அம்மா பிறந்த ஊர், பெர்ரிப் படகில் கடலைத் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் இருந்தது. நாங்கள் இருந்த பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைகளில் அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் போத்தல் தண்ணீர் கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது இனாமாகவே வந்தது. ஆனால் அம்மா ஒரு சொட்டும் குடித்ததில்லை.

காரணம் மாமா. தாத்தா இறந்ததும், ஊற்று இருந்த நிலத்தைத் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீர்க் கம்பெனிக்கு விற்றுவிட்டார். பிறகு அதே கம்பெனியின் லோரியை ஓட்டினார். ஜார்ஜ் டவுனுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறுவார்.

"ஒரு வாய் குடிச்சாத்தான் என்னலா, பாப்பா?"

"நீ வித்துட்ட தண்ணிதானே அண்ணே, வாங்குறவன் குடிக்கட்டும்."

அவருக்குச் சோறு போட்டு, மீன் குழம்பில் நடுத்துண்டையும் வைப்பார் அம்மா. அவர் போனதும் அந்தத் தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டுவார். பெட்டிக்குப் பன்னிரண்டு போத்தல். எண்ணிக்கொண்டே நனைவேன். ஊரார் விருந்தாளிக்கு வாங்கிவைக்கும் தண்ணீரில் குளித்தவன் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு மாமா மெலிந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் காலை அப்பா வந்து, இனி வர வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மாமாவுக்குக் குணமாகிவிட்டது என்று நான் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். யாரும் என்னை அதட்டவில்லை.

அன்று மத்தியானமே மாமா வந்தார். பெட்டி இல்லை, துணிப்பைக்குள் ஒரே ஒரு போத்தல். அம்மா தெருவில் மீன்காரரிடம் நின்றுகொண்டிருந்தார். மாமா அடுப்படிக்குப் போய், பானைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போத்தலை அதில் கவிழ்த்தார்.

"மருமவனே, மூச்சு விடாத. அம்மா குடிக்கட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கலாம்."

அம்மா வியர்வையோடு வந்து, ஒரு தம்ளர் மொண்டு ஒரு வாய் குடித்தார். அந்தத் தண்ணீரில் லேசாக இரும்பு ருசி இருக்கும். குளிக்கும்போது வாயில் பட்டே எனக்குப் பழக்கம். அம்மாவோ அதைக் குடித்தே வளர்ந்தவர். ஒரு கணம் அவர் தொண்டை அசையவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மிச்சத்தைக் குடித்தார். இன்னொரு தம்ளர் மொண்டு அதையும் குடித்தார்.

"என்ன வெயில் அண்ணே," என்றார்.

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு காணவும் முடியவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

அன்று அவர் படியிறங்கியதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, மாமா உன்ன நல்லா ஏமாத்திட்டாரு!"

"ஆமாடா," என்று சொல்லிவிட்டு அம்மா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்தார். வாளி நிறைந்து தரையில் வழியும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. நல்ல தண்ணீர் வீணாகிறதே என்றுதான் எனக்குக் கவலை.

கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேன்: "வாளி நெறஞ்சிருச்சும்மா, பைப்ப மூடு."