முள் படுத்த பிறகு வைத்த பொட்டு

1991-இல் ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறிய மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து ஓராண்டுகூட ஆகவில்லை. எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம்.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்று தொழிலாளர்களின் குடும்பங்களும் வரும். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட ஒவ்வொரு பிரிவும் ஏதாவது செய்யும். டெஸ்டிங் பிரிவின் சார்பில் நான் ஒரு மின்காந்தத் துப்பாக்கி செய்தேன். மருந்து கிடையாது, தோட்டா கிடையாது. தண்டவாளம்போல இரண்டு செம்புப் பட்டைகள். நடுவே இரண்டையும் தொட்டபடி ஓர் அலுமினியத் துண்டு. கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே கணத்தில் பட்டைகளுக்குள் திறந்துவிட்டால், அது உண்டாக்கும் காந்த விசையே துண்டை முன்னால் தள்ளிவிடும்.

என்னோடு ஓர் அக்கா வேலை செய்தார். குந்தாரப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. மோட்டார்களை ஓட்டி மீட்டர் பார்ப்பது அவர் வேலை. செம்புப் பட்டைகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"பொண்ணு பாக்க வர்றவன் பாவம் பாப்பா. காப்பிக்குப் பதிலா துப்பாக்கிய நீட்டுவே!" என்று கேலி செய்தார்.

பூஜையன்று காலை, ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமென்று கெப்பாசிட்டர்களில் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஃபோர்மேன், "பேக பேக வாங்கம்மா, ராகு காலம் வந்துரப் போவுது!" என்று கன்னடமும் தமிழுமாக விரட்டினார். சுவிட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பட்டியலில் இரண்டையும் டிக் செய்தேன்.

எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தபடி வந்த அக்காவிடம், "இதுக்கும் நீங்களே வைங்கக்கா, கரண்ட் எடுத்தாச்சு" என்றேன். அவர் ஈரச் சந்தனத்தில் விரலைத் தோய்த்து, கெப்பாசிட்டரின் தலையை நோக்கிக் குனிந்தார். மின்முனைகள் அங்கேதான் இருந்தன. விரல் பாதியில் நின்றது.

"ஏன் பாப்பா, முள்ளு இன்னும் படுக்கலயே?"

கெப்பாசிட்டரோடு இணைத்திருந்த மீட்டரைப் பார்த்தேன். முள் உச்சியில் நின்றது. பிளக்கைப் பிடுங்கினாலும் ஏற்றிய மின்சாரம் கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும். தேர்வில் நானே எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்.

"கைய எடுங்கக்கா!" என்று கத்தினேன்.

கையுறை மாட்டி, ஒரு பல்பை இணைத்து மின்சாரத்தை வடித்தேன். பல்பு பளீரென்று எரிந்து மங்கியது. முள் படுத்தது.

"மிஷினுக்கு வாங்கின மாலைய எனக்குப் போட்டிருப்பே போ" என்று அக்கா சிரித்தார். அந்தச் சந்தனத்தை முதலில் என் நெற்றியில் வைத்துவிட்டுத்தான் கெப்பாசிட்டருக்கு வைத்தார்.

அன்று துண்டு பத்தடி பாய்ந்து, தடுப்புக்கு வைத்திருந்த பொரி மூட்டையில் செருகிக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்போது வேறு தொழிற்சாலையில் இருக்கிறேன். எந்தப் பட்டியல் போட்டாலும் "முள் படுத்ததா?" என்ற வரியை முதலில் எழுதிவிடுகிறேன். எழுதும்போதெல்லாம், என் சொல்லை நம்பிக் குனிந்த அக்காவின் சந்தன விரல் கண்முன் வந்து நிற்கிறது.