வயிறு சரியில்லை என்ற மாமா

போனவர்கள் ஐந்து பேர்: அம்மா, அப்பா, அம்மாவின் அண்ணனான மாமா, மாமி, நான். வராதவர் ஒருவர், அம்மாவின் தம்பி. எனக்குச் சின்ன மாமா. நாங்கள் டென்மார்க்கில் இருந்தோம், அவர் இலங்கையில் போர் நடந்த வன்னியில் இருந்தார். ஏரிக்கரை கேம்பிங் பற்றுச்சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ‘பெரியவர்கள் ஐவர், இரண்டு இரவு’ என்று அதில் டேனிஷில் எழுதியவன் நான்தான், காசு கட்டியவர் மாமா. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே என்பதால், எழுதுவதும் வாசிப்பதும் என் வேலை. நான் வாசித்துச் சொன்னால் அம்மாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

போர் முடிகிற மே மாதம் அது. சின்ன மாமாவின் கடைசி அழைப்பு வந்து ஏழு கிழமை ஆகியிருந்தது. அன்று முதல் அம்மா மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடவில்லை, ஒரு நேரம்தான் சாப்பாடு. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஒருநாள் மயங்கியும் விழுந்தார். அந்த வெள்ளிக்கிழமை மாமா பக்கத்து நகரமான பிரெடெரிசியாவிலிருந்து கூடாரத்தோடும் கேம்பிங் விதிமுறைத் தாளோடும் வந்து நின்றார். அம்மா மறுத்தார்.

“அவன் போன் எடுத்தால் ஆர் கதைக்கிறது, அண்ணை?”

மாமா என்னை வெளியே கூட்டிப்போனார். “அங்க போன் வேலை செய்யாது எண்டு அந்தத் தாளில கிடக்கெண்டு சொல்லு, மருமோன். நீ வாசிச்சால் நம்புவாள். ரெண்டு நாளைக்காவது நித்திரை கொள்ளட்டும்.”

அந்தத் தாளில் இருந்தவை நெருப்பு மூட்டும் இடமும் அமைதி காக்கும் நேரமும்தான். நான் மாமா சொன்னபடியே வாசித்தேன். அம்மா கைத்தொலைபேசியை நிறுத்தி வீட்டுச் சாமிப்படத்தடியில் வைத்தார்.

பீச் மரங்கள் அப்போதுதான் தளிர்த்திருந்தன. சனிக்கிழமை அப்பா இரண்டு மீன் பிடித்தார், மாமி கோழி சுட்டார். “தின், பிள்ளை. அவன் வருவான். வந்து உன்னை எலும்பாப் பாக்கிறதே?” என்று மாமாவே அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா தயங்கித் தயங்கித் தின்றார், பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். மாமா மட்டும் வயிறு சரியில்லை என்று இரண்டு நாளும் பாணும் வெறும் தேத்தண்ணியும்தான்.

“அண்ணை முழு டேனிஷ்காரன் ஆயிட்டார். இனி இவருக்குச் சோறு போடாதேங்கோ, மச்சாள்,” என்றார் அம்மா. அவர் சிரித்து நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பொய்யைச் சொன்னதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு மதியம் வைலேயில் எங்கள் வீட்டு வாசலில் சாமான்களை இறக்கினோம். அம்மா நேரே தொலைபேசியிடம் போனார். மாமா பின்னாலேயே போய், “முதல்ல முழுகிப்போட்டு வா, பிள்ளை,” என்றார்.

செத்த வீட்டுக்காரரிடம் சொல்கிற சொல் அது. அம்மா திரும்பவில்லை. “எப்ப?” என்றார்.

“வியாழன் ஷெல் விழுந்து அவன் போயிட்டான். எனக்கு வெள்ளி விடியத்தான் சொன்னவங்கள்.”

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உள்ளவர்கள் மச்சம் தின்பதில்லை. அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

“அப்ப உங்கட வயித்துக்கு ஒண்டுமில்லை. நீங்கள் துடக்குக் காத்தனீங்கள். என்னை மட்டும் தின்ன விட்டனீங்கள்.”

“நீயும் செத்துப்போவாய் எண்டு பயந்திட்டன்,” என்றார் மாமா. அது உண்மைதான் என்று இன்றும் நம்புகிறேன். என்னையும் அவர் ஏமாற்றினார் என்பதும் உண்மை. ஆனால் அம்மாவுக்கு வாசித்தது அவரில்லையே.

இப்போது நான் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கத் தாள்கள் வாசிக்கிறேன். நகரசபையான கொமூனிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோகிறார். அண்ணனோடு அவர் பேசுவதில்லை.

அப்போது, சின்ன மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்டார். “எங்கட மூண்டு பேருக்கும் எவ்வளவு? சரியா வாசி,” என்றார். சரியாகவே வாசித்தேன். அந்தக் காசைக் கடித உறையில் போட்டு, மாமாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாமா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நானூற்றைம்பது குரோனர்.