அப்பாமேல் நான் போட்ட தீட்டு

சிதம்பரத்தில் நர்சிங் முடித்து, 2007-இல் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் எல்லா வார்டுகளிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, எந்தப் பிரிவு வேண்டும் என்று எழுதச் சொல்வார்கள். நான் ஆபரேஷன் தியேட்டர் என்று எழுதினேன். இரண்டாவது விருப்பத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டேன்.

தியேட்டர் ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அழகான பதில் ஒன்று வைத்திருந்தேன். உண்மை வேறு. பச்சை உடை, கையுறை, சர்ஜனுக்குப் பக்கத்தில் நிற்கும் இடம். எல்லாவற்றையும்விட, அங்கே வருகிறவர்கள் மயக்கத்தில் இருப்பார்கள். நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்க மாட்டார்கள்.

பிரசவ வார்டில் கேட்டார்கள். ஒருநாள் வலியோடு வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ, நீ ரைஸ் மில்லுல மூட்ட தூக்குறவரு பொண்ணுதானே? நல்லவேள, நம்ம ஆளு இருக்கு" என்றாள். அவள் அம்மா அழுக்குத் துணி வாளியை என்னிடம் நீட்டி, "இத கொஞ்சம் அலசிக் குடு கண்ணு" என்றாள். கூட இருந்த சிஸ்டர்கள் சிரித்துவிட்டார்கள். வாளியை ஆயாவிடம் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வாளி பிடிக்கவா இவ்வளவு படித்தேன் என்று அன்று முழுவதும் மனம் கொதித்தது.

நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடம் என்னைக் கூப்பிட்டார். என் தாள் அவர் கையில் இருந்தது.

"உன்ன லேபர் வார்டுல போட்டிருக்கேன். தியேட்டர் அப்புறம் பாக்கலாம். பயந்து கெடக்குற பொம்பளைங்க உன்னப் பாத்தா அடங்குறாங்க. அது எல்லாருக்கும் வராது."

அது பாராட்டு என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்கு வாளி மட்டும்தான் தெரிந்தது.

"வீட்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"ஏன்?"

"பிரசவம்னா தீட்டுன்னு... அப்பாவுக்குப் பிடிக்காது."

அவ்வளவு சுலபமாக வந்தது. மேடம் உடனே நம்பினார். நம்புவார் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத மூட்டைக்காரரைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

என் தம்பி பிறந்தபோது உதவிக்கு ஆள் இல்லாமல், அம்மாவின் துணிகளை வாய்க்காலுக்கு எடுத்துப்போய்த் துவைத்தவர் அப்பா. கேலி செய்த ஒருவரிடம், "எம் பொண்டாட்டி துணி, நான் தொவைக்கிறேன். ஒனக்கு என்னா மச்சான்?" என்று கேட்டவர். நான் நர்சிங் சேர்ந்த நாளிலிருந்து, "எம் பொண்ணு ஊருக்கே பிரசவம் பாக்கப் போவுது" என்று மில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"அப்பாவ வரச் சொல்லு. நான் பேசுறேன்" என்றார் மேடம்.

தெருமுனைக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். "ஒருதரம் வந்துட்டுப் போப்பா, மேடம் பாக்கணுமாம்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மேடத்திடம் புரண்ட நாக்கு அப்பாவிடம் புரளவில்லை.

கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பை வெளியே விட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொண்ண இவ்ளோ படிக்க வெச்சிட்டு, பிரசவம் பாத்தா தீட்டுன்னு சொல்றீங்களாமே, வெக்கமா இல்ல?" என்றார் மேடம். "நீங்க எப்படிப் பொறந்தீங்க? வானத்துலருந்து குதிச்சீங்களா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிய அது போதுமாக இருந்தது.

"ஆமாங்கம்மா," என்றார். "நாங்க படிக்காதவுங்க. பழக்கம் அப்படி. புள்ள ஆசப்பட்ட எடத்துலயே போட்டுடுங்க."

மேடம் பெருமூச்சு விட்டு, எழுதியதை அடித்து, தியேட்டர் என்று எழுதினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இப்பப் போட்ட எடத்துல வேல ஜாஸ்தியா?"

"இல்லப்பா."

"செரி. அப்ப நல்லதுதான்." குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தியேட்டர் வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டேன். புதிதாகப் பெண்கள் சேரும்போதெல்லாம் மேடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "இவுங்க அப்பா, பிரசவ வார்டே தீட்டுன்னவரு. அந்த வீட்லருந்து வந்து எப்படி நிக்கிறா பாருங்க." அந்தப் பெண்கள் என்னை வியந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒருமுறை அல்ல, மூன்று வருடம்.

2010-இல் தம்பி கல்யாணப் பத்திரிகையோடு அப்பா மருத்துவமனைக்கு வந்தார். மேடத்துக்கு அவரே கொடுக்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். மேடம் எழுந்து நின்று வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"என்னா பெரியவரே, வீட்ல இன்னும் தீட்டு பாக்குறீங்களா?"

"மேடம், அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்லீங்கம்மா," என்று அப்பா குறுக்கே புகுந்தார். "அன்னிக்கி நீங்க சொன்னதோட விட்டுட்டோம்."

பீடியை விட்டவர் சொல்வதுபோல் சொன்னார். மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பாத்தியா, எடுத்துச் சொன்னா கேட்டுக்கிறாங்க" என்றார் என்னிடம்.

படி இறங்கும்போது, "ஏம்ப்பா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு ஒரு சந்தோசம். எனக்கு என்னா கொறஞ்சிடுச்சி?"

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது மேடத்தின் அறைக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. பத்திரிகையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"என்னம்மா?" என்று நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றேன். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும்."