கீழப்பழுவூரில் இரண்டு மாலைகள் பார்த்த விண்கலம்

1980, சித்திரை மாதம், புதன்கிழமை. திருச்சியிலிருந்து கீழப்பழுவூர் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். லால்குடி, புள்ளம்பாடி வழியாகப் போகும் அரியலூர் பஸ்ஸில் மூன்றரை ரூபாய் டிக்கெட். வெயிலில் வெந்துகொண்டே போனேன். என்னோடு வேலை பார்க்கும் குமாரசாமியின் தங்கை சுலோசனாவுக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். அதற்காக மட்டுமே போனேன் என்றால் பொய். செயற்கைக்கோள் பார்ப்பது என் பைத்தியம். ரஷ்யாக்காரர்கள் ஆட்களைத் தங்கவைத்திருந்த விண்கலம் அந்த வாரம் மாலைகளில் எங்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. திருச்சித் தெருவிளக்குகளுக்கு நடுவே அதைப் பார்த்து அலுத்திருந்தேன்.

மாலை ஆறரை. வாசலில் பாய் விரித்து அரும்பாவூர் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் அங்கே சட்டம்.

ஏழு மணிக்குச் சற்று முன்பு, தட்டு மாற்ற அவர் எழுந்த நேரம், மேற்கே ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பியது.

“ஐயோ, நட்சத்திரம் விழுது!” என்றார் அவர் மனைவி.

விழும் நட்சத்திரத்தைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். கூட்டம் மொத்தமும் சட்டென்று திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்த நட்சத்திரம் விழாமல், அதுபாட்டுக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார். “சகுனம் சரியில்லீங்க. இது வேணாம்.”

சுலோசனாவுக்கு ஏற்கெனவே ஓர் இடம் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊர் வாயை மூட முடியாது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“அது விழலீங்க. ரஷ்யாக்காரன் விட்டது. உள்ள ரெண்டு பேரு இருக்காங்க,” என்றேன்.

“காதுல பூ சுத்துறீங்களா சார்?” என்றார் பெரியப்பா.

“நாளைக்கும் இதே பக்கம் வரும். இருந்து பாத்துட்டுப் போங்க.”

சொன்ன பிறகுதான் யோசித்தேன். முந்தின நாள் திருச்சியில் வந்தது, இன்று சற்றுப் பிந்தி வந்தது, நாளை இன்னும் சற்றுப் பிந்தி வரும். என் கணக்கு அவ்வளவுதான். நல்லவேளை, அந்நேரத்துக்கு மேல் அரும்பாவூர் திரும்ப பஸ் இல்லை; பெரியப்பாவும் ஒரு நாள் இருந்து பார்த்துவிடச் சம்மதித்தார்.

வியாழக்கிழமை அவர்களைக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். அரியலூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். நானும் போனேன். பெருமாளாகக் கும்பிடும் கம்பத்தின் முன் பெரியப்பா வெகுநேரம் கண்மூடி நின்றார். சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத நான், மேகம் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மாலையில் தெற்கே கொஞ்சம் மேகம் இருந்தது. மேற்கு தெளிவாக இருந்தது. “இன்னிக்கு யாரும் மரத்தப் பாக்கக்கூடாது,” என்று பெரியப்பாவே உத்தரவு போட்டார். மணி ஏழைத் தாண்டியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அது வந்தது. பாதி வானம் ஏறி, மங்கி, மறைந்தது.

“எங்க போயிட்டாங்க?” என்றார் பெரியப்பா.

“பூமியோட நிழலுக்குள்ள போயிட்டாங்க. அவங்களுக்கு இனி ராத்திரி.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, நாம நம்ம வேலையப் பாப்போம். தட்ட எடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது சுலோசனா இட்லிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அண்ணே, நேத்து மேகம் மறைச்சிருந்தா?”

“அதான் வந்துடுச்சேம்மா.”

“வந்துச்சு. வராம இருந்திருந்தா நான் ஆகாதவதானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

புள்ளம்பாடி வரை பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. திருச்சியில் மேகம் மூடினால் நான் மொட்டைமாடியிலிருந்து இறங்கிப்போய்ச் சாப்பிட உட்காருவேன். எனக்கு நஷ்டம் அவ்வளவுதான்.